நெல் விளைந்த ஊர் ஏன் ஆலை ஊர் ஆகவில்லை? தஞ்சை, கொங்கு, இன்னும் சில ஊர்கள்

வண்டிச்சக்கரம் | 3 செப்டம்பர் 2025, காலை 9.40

சீனாவில் யாங்சி ஆற்றுக்குத் தெற்கே நெல், வடக்கே கோதுமை. 2014-ல் வந்த ஓர் ஆய்வு ஆறு இடங்களில் 1,162 மாணவர்களைச் சோதித்துவிட்டு, நெல் பக்கத்துக்காரர்கள் சேர்ந்து யோசிப்பவர்கள், கோதுமைப் பக்கத்துக்காரர்கள் தனித்து யோசிப்பவர்கள் என்றது. நெல் என்றால் வாய்க்கால் தூர்வார வேண்டும், முறை வைத்துப் பாய்ச்ச வேண்டும், நடவுக்கு ஊரே இறங்க வேண்டும். அந்தப் பழக்கம் புத்தியில் ஊறிவிட்டதாம்.

அது உண்மையானால் கூட்டுச் சேர்ந்து கம்பெனி நடத்தும் வழக்கம் தஞ்சாவூரில் அல்லவா முளைத்திருக்க வேண்டும்? முளைத்தது சோளமும் கம்பும் விளைந்த மேட்டுக்காட்டில். பஞ்சாலை கோவையில், பனியன் திருப்பூரில், கோழிப்பண்ணையும் லாரியும் நாமக்கல்லில். ஆய்வு தப்பா, தஞ்சாவூர் தப்பா?

மடைத்தலை | 3 செப்டம்பர், பகல் 1.15

கேள்விதான் தப்பு. பயிரைப் பார்க்காதீர்கள். தண்ணீர் எப்படி வயலுக்கு வந்து சேர்கிறது என்று பாருங்கள்.

டெல்டாவில் தண்ணீர் தானாக வருகிறது. மேட்டூரில் திறந்தால் மூன்று நான்கு நாளில் கல்லணை. அங்கிருந்து காவிரி, வெண்ணாறு, கல்லணைக் கால்வாய் என்று பிரிந்து, ஆறு, வாய்க்கால், கன்னி வாய்க்கால், மடை. கல்லணையிலிருந்து கடல் வரை நிலம் சராசரியாகக் கிலோமீட்டருக்கு அரை மீட்டர் அளவுதான் சரிகிறது. அந்தச் சரிவு போதும், யாரும் தூக்கி ஊற்ற வேண்டியதில்லை. நிலத்துக்காரர் கும்பகோணத்தில் இருந்தாலும் சென்னையில் இருந்தாலும் நெல் விளையும். வேலை செய்ய ஆளும், அறுப்பு நேரத்தில் களத்தில் நிற்க ஒரு காரியஸ்தரும் இருந்தால் போதும்.

கொங்கில் தண்ணீர் பாறைக்குள். மேற்குத் தொடர்ச்சி மலையின் மழை மறைவு. கோவையில் ஆண்டுக்கு 600 முதல் 700 மில்லிமீட்டர் மழை. வெடி வைத்துக் கிணறு வெட்டி, மாடு கட்டி இறைக்க வேண்டும். இறைப்பவன் காட்டிலேயே இருக்க வேண்டும். அதனால்தான் டெல்டா ஊர்களில் வீடுகள் தெருவாக ஒட்டிக்கிடக்கின்றன, கொங்கில் தோட்டத்துக்கு ஒரு சாளையாக (தோட்டத்து வீடாக) சிதறிக்கிடக்கின்றன. ஊர் அமைப்பைப் பார்த்தே தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று சொல்லிவிடலாம்.

மடைத்தலை | 3 செப்டம்பர், இரவு 10.05

தண்ணீர் இறைக்கும் கணக்கு கேட்டுத் தனிமடல் வந்தது. பொதுவிலேயே போடுகிறேன்.

ஒரு ஏக்கர் 4,047 சதுர மீட்டர். ஒரு போகம் நெல்லுக்குச் சேற்றுழவு, தேக்கம், கசிவு எல்லாம் சேர்த்துச் சுமார் 1,200 மில்லிமீட்டர் தண்ணீர். பெருக்கினால் 48.5 லட்சம் லிட்டர்.

கவலை ஏற்றத்தில் (மாடு இழுத்துக் கிணற்று நீரை இறைக்கும் முறை) ஒரு தோல் சால், அதாவது தோல் வாளி, 100 முதல் 150 லிட்டர் கொள்ளும். மணிக்கு 8,000 லிட்டர் இறைத்தால் நல்ல மாடு. நாளைக்கு எட்டு மணி நேரம் ஓட்டினால் 64,000 லிட்டர். ஏக்கருக்கு 5 சென்டிமீட்டர் தண்ணீர் கட்ட 2 லட்சம் லிட்டர் வேண்டும். அதாவது மூன்று நாள் மாட்டு வேலை. நெல் வைத்தால் 24 முறை கட்ட வேண்டும், 75 நாள். அந்த 75 நாளும் மாட்டுக்குத் தீனி போட வேண்டும். கவலைக் கிணற்றில் நெல்லை நம்பிப் பிழைக்க முடியாது.

ஆகவே கிணற்றுக்காரன் குறைந்த தண்ணீரில் அதிகக் காசு தரும் பயிருக்குப் போனான்: பருத்தி, புகையிலை, மஞ்சள், மிளகாய். இவை எல்லாம் சந்தைக்குப் போக வேண்டியவை, வீட்டில் வைத்துத் தின்ன முடியாது. விலை ஏறும், இறங்கும். பருத்தியை விதை நீக்க வேண்டும், மஞ்சளை வேக வைத்து மெருகேற்ற வேண்டும். பட்டறை அங்கேதான் தொடங்குகிறது.

வண்டிச்சக்கரம் | 4 செப்டம்பர்

அதே ஆய்வில் ஒரு விளையாட்டு: ரயில், பஸ், தண்டவாளம், இதில் எந்த இரண்டு சேரும்? நெல்காரர் ரயிலோடு தண்டவாளம் என்பாராம், கோதுமைக்காரர் ரயிலோடு பஸ் என்பாராம். மன்னார்குடியில் கேட்டால் என்ன சொல்வார்கள்?

கடைமடை | 4 செப்டம்பர்

"ரயில் எத்தனை மணிக்கு" என்பார்கள்.

கடைமடை | 4 செப்டம்பர், மாலை 6.20

விளையாட்டு போகட்டும். மடைத்தலை சொல்வதில் ஒரு திருத்தம். "தண்ணீர் தானாக வருகிறது" என்பது தலைமடைக்காரர் பேச்சு. வேதாரண்யம், தலைஞாயிறு பக்கம் வந்து பாருங்கள். ஜூன் 12-ல் மேட்டூர் திறந்தாலும் கடைமடைக்கு வர இன்னும் பத்து நாள், சில ஆண்டு அதற்கும் மேல். இடையில் ஒரு கதவணையில் யாராவது ஒரு பலகையைக் கூடுதலாகச் செருகினால் கீழே வறட்சி. 2022-ல் மே 24-லேயே திறந்தார்கள். தூர்வாரல் முடியாத வாய்க்கால்களில் வேலை பாதியில் நிற்கத் தண்ணீர் வந்து நின்றது.

தள்ளிப்போனால் என்ன ஆகும் என்பதையும் சொல்கிறேன். குறுவை, அதாவது குறுகிய கால நெல், 105 முதல் 115 நாள். நாற்று 20–25 நாளில் பறிக்க வேண்டும், முற்றினால் தூர் கட்டாது. ஜூலை பாதிக்கு மேல் நட்டால் அறுப்பு அக்டோபர் மழையில் விழும். நெல் ஈரம் 17 சதவீதத்துக்கு மேல் இருந்தால் கொள்முதல் நிலையத்தில் எடுக்க மாட்டார்கள். சாலையில் கொட்டிக் காயவைத்து, மறுபடி மழையில் நனைந்து, முளைவிட்டு... இது தானாக விளைகிற நெல் இல்லை ஐயா.

மடைத்தலை | 5 செப்டம்பர்

ஏற்றுக்கொள்கிறேன். தலைமடை, கடைமடை வித்தியாசத்தை விட்டது என் பிழை. ஆனால் நீங்கள் சொல்வது என் வாதத்துக்கே வலு. கடைமடைக்காரர் தண்ணீருக்காக யாரிடம் போய் நிற்கிறார்? பொதுப்பணித்துறை, கலெக்டர், அமைச்சர், காவிரி ஆணையம். கிணற்றுக்காரர் யாரிடம் போகிறார்? மோட்டார் பட்டறைக்காரரிடம். ஒருவருக்கு மனு எழுதும் திறமை வளர்கிறது, இன்னொருவருக்குச் சுருள் கட்டும் திறமை. தஞ்சை மாவட்டம் வக்கீல்களையும் அதிகாரிகளையும் பெற்றதற்கும் கோவை பம்ப்செட்டைப் பெற்றதற்கும் இதில் ஒரு வேர் இருக்கிறது.

எதற்காகப் போராடினார்கள் என்று பார்த்தாலும் தெரியும். டெல்டாவில் போராட்டம் கூலிக்கும் குத்தகைக்கும். 1952-ல் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் தஞ்சைக்கென்றே தனியாக வந்தது. 1968 டிசம்பர் 25 கீழ்வெண்மணி, 44 உயிர்; கேட்டது அரைப்படி நெல் கூடுதல். கொங்கில் 1970களின் தொடக்கத்தில் நாராயணசாமி நாயுடு தலைமையில் மாட்டுவண்டிகளைக் கொண்டுவந்து கோவையை மறித்தது மின்கட்டணத்துக்காக.

கரிசல் | 5 செப்டம்பர், இரவு

நல்லாத்தான் இருக்கு. ஆனா கிணற்றுக்காரர் சொந்தக் காலில் நின்றார் என்பதுபோல நீங்கள் சொல்வதில் ஒரு ஆளைக் காணோமே. அந்தத் தோல் சாலைத் தைத்தது யார்? வடத்தையும் தோல் வாலையும் பழுது பார்த்தது யார்? அருந்ததியர். தோட்டத்துக்கு ஒரு குடும்பம் ஆண்டுக்கூலிக்குக் கட்டுப்பட்டுக் கிடந்தது. இறைக்கும்போது மாட்டுக்குப் பின்னால் இறங்கி ஏறியதும் பல இடத்தில் அவர்களே. மோட்டார் வந்ததும் தோல் வேலை போச்சு. தஞ்சையில் பண்ணையாள் என்று பெயர் வைத்துப் பேசுகிறீர்கள், கொங்கில் மட்டும் "உழைப்பாளி விவசாயி" என்று ஒற்றை ஆளாக்கிவிடுகிறீர்கள்.

மடைத்தலை | 6 செப்டம்பர்

கரிசல் சொன்னது சரி. முதல் குறிப்பில் "இறைப்பவன் காட்டிலேயே இருக்க வேண்டும்" என்று எழுதினேன். இறைப்பவனும் உடையவனும் ஒரே ஆள் என்பதுபோலத் தொனிக்கிறது. மாற்றிச் சொல்கிறேன்: உடையவனும் அங்கேயே இருக்க வேண்டியிருந்தது. கட்டுப்பட்ட உழைப்பு இரண்டு பக்கமும் உண்டு. கொங்கில் உடையவர் வேலையின் நுணுக்கம் தெரிந்து பக்கத்தில் நின்றார், டெல்டாவின் பெரிய மிராசுதார் பெரும்பாலும் நிற்கவில்லை. பிறகு ஆலை வைத்தபோது இந்தப் பழக்கம் உதவியது. நியாயம் எங்கே அதிகம் என்ற பேச்சு இதில் வராது.

தோட்டத்துச்சாளை | 6 செப்டம்பர்

ஏனுங்க, எல்லாத்தையும் தண்ணீர்ல கொண்டுபோய்க் கட்டறீங்க. கோவையில் மில் வந்தது பாலக்காட்டுக் கணவாய்க் காற்றால்னு பள்ளிக்கூடத்துல படிச்சமே? குளுகுளுன்னு ஈரக்காத்து, நூல் அறாது.

மடைத்தலை | 6 செப்டம்பர், மாலை

ஈரப்பதம் முக்கியம்தான். நூற்புக் கூடத்தில் காற்றின் ஈரம் 55 முதல் 60 சதவீதம் இருக்க வேண்டும். குறைந்தால் இழையில் நிலைமின்சாரம் ஏறும், பஞ்சு உருளையில் சுற்றிக்கொள்ளும், நூல் அறும், பொடி பறக்கும். கூடினால் இழை ஒட்டும். இங்கிலாந்தின் லங்காஷயருக்கு அந்த ஈரம் இயற்கையாகவே கிடைத்தது உண்மை.

ஆனால் ஈரக்காற்றே காரணம் என்றால் நாகப்பட்டினத்தில் அல்லவா மில் வந்திருக்க வேண்டும்? கோவை ஆலைகள் கோடையில் நீர்த்தூவி வைத்துத்தான் ஓடின. கணவாய்க் காற்று வெயிலைக் குறைத்தது, அவ்வளவே.

ரயிலும் காரணம் இல்லை. நாகப்பட்டினம்–திருச்சிப் பாதையும் கோவைப் பக்கத்துப் போத்தனூர் வழிப் பாதையும் 1860களின் தொடக்கத்தில் ஒன்றையொன்று ஒட்டியே வந்தவை. நாகைக்குத் துறைமுகம் வேறு இருந்தது. அந்தத் துறைமுகம் ஏற்றுமதி செய்தது என்ன? மலாயாத் தோட்டங்களுக்கு ஆட்களை. நிலமில்லாத கூலிக்குத் தஞ்சையில் வேறு போக்கிடம் இல்லை.

கோவைக்குக் கிடைத்த பெரிய காரணம் மின்சாரம். முதல் பஞ்சாலை 1888. அதன்பின் பல ஆண்டு மெதுவான நடை. 1930களின் தொடக்கத்தில் நீலகிரியில் பைக்காரா நீர்மின் நிலையம் ஓடத் தொடங்கியதும் ஆலைகள் ஒன்றன்பின் ஒன்றாக எழுந்தன. அதே கம்பியிலிருந்துதான் கிணற்று மோட்டாரும். 1937-ல் ஜி.டி. நாயுடு இங்கேயே மோட்டார் செய்தார். ஆலைக்கும் கிணற்றுக்கும் ஒரே மின்சாரம், ஒரே பட்டறை, ஒரே வார்ப்படச்சாலை. டெல்டாவின் சமவெளியில் விழ அருவி இல்லை. தாமிரபரணியைப் பாருங்கள்: அதுவும் நஞ்சைதான், ஆனால் பாபநாசத்தில் அருவி இருந்தது, 1880களிலேயே அந்த நீர்விசையை நம்பிப் பஞ்சாலை வந்துவிட்டது.

கடைமடை | 7 செப்டம்பர்

ஆக, நெல் ஆலையைத் தடுக்கவில்லை. அருவி இல்லாததுதான் தடுத்தது. மூன்றே நாளில் உங்கள் தண்ணீர்க் கொள்கை மின்சாரக் கொள்கையாகிவிட்டது!

மடைத்தலை | 7 செப்டம்பர்

சிரித்துக்கொள்ளுங்கள். பதில் வரும்.

மடைத்தலை | 9 செப்டம்பர், காலை 7.30

இரண்டு நாள் யோசித்ததில் என் வாதத்தை நானே சோதிக்க மூன்று இடங்கள் அகப்பட்டன.

முதலாவது, வடக்கு இத்தாலியின் வெர்செல்லி. ஐரோப்பாவின் நெற்களஞ்சியம். நம் நெல் போலவே தேங்கிய நீர், களைபறிக்கக் குனிந்து நிற்கும் பெண்கள். அவர்களுக்கு "மொந்தினே" என்று பெயர். ஆனால் அதே சமவெளியில்தான் தூரினும் மிலானும். நெல் தடுத்திருந்தால் இங்கே ஆலையே வந்திருக்கக் கூடாது. என்ன வித்தியாசம்? நிலத்துக்காரர் நகரத்தில்தான் இருந்தார், தஞ்சை போலவே. ஆனால் பண்ணையைப் பல ஆண்டுப் பணக் குத்தகைக்கு எடுத்து நடத்திய பெருங்குத்தகைக்காரர் அங்கேயே தங்கினார். மாடு, கருவி, கூலி எல்லாம் அவர் முதலீடு. லாபம் வந்தால் அவருக்கு, நட்டமும் அவருக்கே. 1853-ல் செசியா ஆற்றுக்கு மேற்கே விவசாயிகள் பாசனச் சங்கம் வைத்து, அரசிடம் தண்ணீரை மொத்தமாக வாங்கித் தாங்களே பங்கிட்டார்கள். 1866-ல் கவூர் கால்வாய், 80 கிலோமீட்டருக்கு மேல், மூன்றே ஆண்டில் வெட்டி முடித்தது. 1906-ல் மொந்தினே பெண்கள் போராடி எட்டு மணி நேர வேலையை வாங்கினார்கள். தஞ்சை வயலில் நேரக் கணக்கு என்பதே பிறகு எத்தனை காலம் கழித்து வந்தது என்று நினைத்துப் பாருங்கள்.

இரண்டாவது, சீனாவின் யாங்சி கழிமுகம். சூச்சோ, ஷாங்காய். முழுக்க நெல், ஆனால் சீனாவின் தொழில் இதயம். வண்டிச்சக்கரம் கொண்டுவந்த ஆய்வின் நெல் பக்கமே அதுதான். அங்கே நிலம் தாழ்வு. வாய்க்கால் வயலுக்குக் கீழே ஓடுகிறது. வயலுக்கு ஏற்றவும் வெள்ளத்தை வெளியேற்றவும் மரச் சங்கிலி ஏற்றம். பலகைகள் கோத்த சங்கிலியை இரண்டு மூன்று பேர் காலால் மிதித்துச் சுழற்றுவார்கள். நெல்தான், ஆனால் இறைத்த நெல்! குத்தகையும் வேறு மாதிரி: அடி நிலம் ஒருவருக்கு, மேல் மண் இன்னொருவருக்கு. மேல் மண்ணுக்குரிய குடியானவர் குத்தகை கொடுத்துவிட்டால் அவரை வெளியேற்ற முடியாது, அந்த உரிமையை விற்கவும் செய்யலாம். நடவு இல்லாத நாளில் வீட்டில் பட்டுப்புழு, பருத்தி நூற்பு. நெல் விளைவித்த கையே நூற்கவும் செய்தது.

மூன்றாவது இங்கேயே, கோபிச்செட்டிபாளையம். கொங்குக்குள் ஒரு குட்டித் தஞ்சாவூர். கொடிவேரி அணையிலிருந்து தடப்பள்ளி, அரக்கன்கோட்டை வாய்க்கால், சுமார் 25,000 ஏக்கர் பழைய பாசனம். அதே மொழி, அதே சாதி அமைப்பு, அதே சந்தைகள். ஆனால் தண்ணீர் தானாக வருகிறது. 40 கிலோமீட்டரில் திருப்பூர் ஆலைக்காடாக, கோபி வயற்காடாகவே நின்றது. சினிமாக்காரர்கள் வந்து படம் எடுத்துச் "சின்னக் கோடம்பாக்கம்" என்று பெயர் வைக்கும் அளவுக்குப் பசுமை.

தோட்டத்துச்சாளை | 9 செப்டம்பர்

கோபி எடுத்துக்காட்டு நல்லா இருக்குதுங்க, ஆனா முழுசா எடுபடாது. கோபிக்காரர் ஆலை வைக்கவில்லை என்று யார் சொன்னது? கோபியில் வைக்கவில்லை, அவ்வளவுதான். நெல்லும் கரும்பும் தந்த காசு பல பேருக்கு ஈரோட்டிலும் திருப்பூரிலும் மஞ்சள் மண்டியாகவும் தறிக்கூடமாகவும் மாறியது. வயலை விற்றுத் தொழிற்கூடம் கட்ட எவனும் மாட்டான். இருபோக நிலத்தின் விலை அப்படி.

மடைத்தலை | 10 செப்டம்பர்

இது நான் தவறவிட்ட இடம். கேட்க வேண்டியது, உபரிக் காசு எங்கே போய் இறங்கியது என்பது.

தஞ்சையில் பணம் இல்லாமல் இல்லை. 1904-லேயே கும்பகோணத்தில் வங்கி தொடங்கிவிட்டார்கள், கரூரில் 1916-ல்தான். ஆனால் நெல் நிலம் வாரம் (குத்தகைப் பங்கு) தரும், தவறாது தரும். வேறெதில் போட்டாலும் அந்த நிம்மதி இல்லை. ஆகவே காசு மறுபடி நிலத்திலும், நகையிலும், பையன் படிப்பிலும் இறங்கியது. படித்த பையன் சென்னைக்கும் டெல்லிக்கும் போனான். 1961 நில உச்சவரம்புச் சட்டம் வைத்த எல்லை 30 தர ஏக்கர் (நிலத்தின் தரத்தை வைத்துக் கணக்கிடும் ஏக்கர்), 1970-ல் 15 ஆகக் குறைந்தது. நிலத்தின் நிம்மதி குலைந்தபோது நிலத்துக்காரரே ஊரில் இல்லை, விற்ற காசும் ஊரில் இறங்கவில்லை.

மேட்டுக்காட்டில் நிலம் அந்த நிம்மதியைத் தரவே இல்லை. கிணறு வற்றினால் போச்சு. நான்கு பேர் ஆளுக்குக் கொஞ்சம் போட்டு ஒரு தறிக்கூடம் வைப்பது கிணற்றை இன்னும் பத்து முழம் தோண்டுவதைவிட மோசமான சூதாட்டம் இல்லை.

கட்டட விஷயத்தையும் மறக்க வேண்டாம். டெல்டாக் களிமண் மழையில் உப்பும், கோடையில் வெடிக்கும். சாதாரண அடித்தளம் போட்டால் சுவர் கீறும். அடி விரித்த துளைத்தூண் இறக்க வேண்டும். அதற்குமேல் வெள்ளம். கொங்கில் சில அடி தோண்டினாலே பாறை, கூடத்தை அப்படியே தூக்கி நிறுத்தலாம். கனமான நூற்பு எந்திரத்துக்கு அது சாதாரண விஷயம் இல்லை.

கரிசல் | 10 செப்டம்பர்

பாறை என்றதும் ஞாபகம். திருச்செங்கோடு. ஊரே கடினப் பாறை, கிணறு கைவிட்டது, போர்வெல் போட ஆரம்பித்தார்கள். இன்று அந்த ஊர் ரிக் லாரிகள் இந்தியா முழுக்க, ஆப்பிரிக்கா வரை ஓடுகின்றன. தண்ணீர் இல்லாததையே தொழிலாக்கிவிட்டார்கள்.

சிவகாசியும் அந்தக் கணக்குத்தான். 1920களில் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா போய்த் தீப்பெட்டித் தொழில் கற்று வந்தார்கள். குச்சி முனையில் மருந்து தோய்த்ததும் காய வேண்டும், பெட்டியின் ஒட்டுப்பசை காய வேண்டும். ஈரக்காற்றில் மருந்து இளகும், உரசினால் உதிரும். மழை குறைவு என்பது அங்கே மூலப்பொருள்.

வண்டிச்சக்கரம் | 11 செப்டம்பர்

அப்போ வறட்சிதான் வளர்ச்சி என்று முடித்துவிடலாமா? ராமநாதபுரம் எங்கே போச்சு?

மடைத்தலை | 11 செப்டம்பர்

முடிக்கக் கூடாது, நல்ல கேள்வி. ராமநாதபுரத்தில் பெரும்பகுதி கண்மாய். கண்மாய் என்பது பாதி டெல்டா, பாதி கிணறு: தண்ணீர் தானாக வரும், ஆனால் எப்போது என்று சொல்ல முடியாது. தோண்டினால் பல இடங்களில் உப்பு நீர். கிணற்றில் காசு போட வழியில்லை. பக்கத்தில் பைக்காராவும் இல்லை. வறட்சியோடு நல்ல நிலத்தடி நீர், மின்சாரம், சந்தைப்பயிர் மூன்றும் சேர்ந்த இடம்தான் கொங்கு. ஒன்று குறைந்தாலும் கதை வேறு.

இலங்கையின் வறண்ட மண்டலக் குளத்து ஊர்களையும் இங்கே சேர்க்கலாம். குளத்தில் பாதித் தண்ணீர்தான் என்றால் குளத்துக்கு அருகே உள்ள வயலை மட்டும் அந்தப் போகத்துக்கு எல்லோருக்கும் பங்கிட்டுக்கொள்வார்கள். "பெத்ம" என்பார்கள். தூரத்து வயல்காரனும் பட்டினி கிடப்பதில்லை. கூடி வாழ அருமையான ஏற்பாடு. ஆனால் யார் கையிலும் உபரி சேராது. ஆய்வு சொன்ன கூட்டுணர்வு அங்கே நிச்சயம் இருக்கிறது. அது கம்பெனியாக மாற வேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை.

கடைமடை | 12 செப்டம்பர்

வளர்ச்சி வளர்ச்சி என்கிறீர்களே, திருப்பூர் வழியே ஓடும் நொய்யல் ஆற்றைப் பற்றி ஒருவரும் வாய் திறக்கவில்லை.

மடைத்தலை | 12 செப்டம்பர், இரவு

திறக்கிறேன். பருத்தித் துணிக்குச் சாயம் ஏற்றும்போது சாயம் இழையில் ஒட்ட உப்பு போட வேண்டும். அடர் நிறத்துக்கு லிட்டருக்கு 60 கிராம் என்று வைத்தால், ஒரு கிலோ துணிக்கு 8 லிட்டர் கரைசலில் கிட்டத்தட்ட அரை கிலோ உப்பு. துணி அதைத் தின்பதில்லை, அத்தனையும் கழிவுநீரில் வெளியே வருகிறது. நிறத்தை நீக்கிவிடலாம், உப்பை எளிதில் நீக்க முடியாது. 1992-ல் பாசனத்துக்காகக் கட்டிய ஒரத்துப்பாளையம் அணை சாயக்கழிவுத் தொட்டியாகி, கீழே உள்ள வயலும் கிணறும் கெட்டன. 2011-ல் உயர்நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது. அதன்பின் கழிவு வெளியேறாத முறை: உயிரியல் சுத்திகரிப்பு, ஆர்.ஓ., மிஞ்சிய உப்பு நீரை ஆவியாக்கும் எந்திரம். நீரின் பெரும்பகுதி திரும்பக் கிடைக்கிறது. கடைசியில் மிஞ்சும் கலப்பு உப்பை வாங்க ஆளில்லை, மூட்டை மூட்டையாகக் கிடக்கிறது. ஆவியாக்கும் செலவுதான் சின்னப் பட்டறையை மூடவைக்கிறது.

ஆக, தண்ணீரைத் தூக்கி இறைத்த சமூகம் அதை ஆற்றில் திருப்பி ஊற்றும்போது கீழே ஒருவன் இருப்பதை மறந்தது. டெல்டாவில் கீழ்மடைக்காரனை மறந்தால் மறுநாள் சண்டை வரும். கிணற்றுச் சமூகத்துக்குக் கீழ்மடை என்ற எண்ணமே பழக்கத்தில் இல்லை. இதை முன்பே எழுதியிருக்க வேண்டும், கடைமடைக்கு நன்றி.

தோட்டத்துச்சாளை | 13 செப்டம்பர்

எங்கூர்லயும் கீழ்மடை இருக்குதுங்க. கீழ்பவானி. 1950களில் வந்த பவானிசாகர், 105 அடி, 2 லட்சம் ஏக்கருக்கு மேல் பாசனம், 200 கிலோமீட்டர் மண் கால்வாய். தண்ணீர் போதாதுன்னு ஒற்றைப்படை மதகு ஒரு பக்கம், இரட்டைப்படை மதகு ஒரு பக்கம் என்று பிரிச்சாங்க. ஆகஸ்ட் 15 முதல் ஒரு பாதிக்கு நெல்லுக்குத் தண்ணீர், அடுத்த போகம் மறு பாதிக்கு எள், கடலை போன்ற புன்செய்ப் பயிருக்கு மட்டும். அடுத்த வருஷம் மாத்திக்குவாங்க.

இப்போ கால்வாய்க்குக் காங்கிரீட் போடறதுல சண்டை. கடைசி மதகுக்காரர் போடு என்கிறார், கசிவு நின்றால் அவருக்குத் தண்ணீர் வரும். கால்வாய்க்குக் கீழே கிணறு வைத்திருப்பவர் போடாதே என்கிறார், அந்தக் கசிவுதான் அவர் கிணற்று ஊற்று. ரெண்டு பேரும் சொந்தக்காரங்களா இருப்பாங்க.

மடைத்தலை | 13 செப்டம்பர்

இதைவிட நல்ல சோதனைச்சாலை கிடைக்காது. ஒரே கால்வாய், ஒருவருக்கு மடை, இன்னொருவருக்குக் கிணறு. மடைக்காரர் சட்டம் பேசுகிறார்: ஆயக்கட்டு (பாசனம் பெறும் பதிவான நிலம்), அரசாணை, பதிவு. கிணற்றுக்காரருக்கு எந்தக் காகிதமும் இல்லை, அனுபவம் மட்டும்தான்.

ஸ்பெயினின் வலென்சியாவில் எட்டு வாய்க்கால்களுக்கு ஒரு தண்ணீர் நீதிமன்றம் இருக்கிறது. வியாழன்தோறும் நண்பகல் தேவாலய வாசலில் கூடி, வாய்மொழியாகவே விசாரித்து அங்கேயே தீர்ப்பு, நீதிபதிகள் விவசாயிகளே. ஆனால் அதுவும் வாய்க்காலுக்குத்தான். கிணற்றுக்காரர் அங்கே போனாலும் வழக்கு எடுபடாது.

வண்டிச்சக்கரம் | 15 செப்டம்பர்

பட்டுக்கோட்டையை யாரும் பேசவில்லையே. அதுவும் தஞ்சை மாவட்டம்தான், ஆனால் தென்னையும் வியாபாரமும்.

கடைமடை | 15 செப்டம்பர்

பட்டுக்கோட்டை பழைய டெல்டா இல்லை. மேட்டூர் அணையோடு 1934-ல் வந்த கல்லணைக் கால்வாய்ப் பாசனம், இன்றைக்கும் ஊரில் "புது ஆறு" என்றுதான் சொல்வார்கள். மேட்டு மணற்பாங்கு, தண்ணீர் நிற்காது, நெல் திணறும், தென்னை தழைக்கும். ஆழ்குழாய் போட்டார்கள், தேங்காய் சந்தைக்குப் போனது. 2018 நவம்பர் 16 கஜா புயலில் அந்தத் தோப்புகள் ஒரே இரவில் படுத்தன. நெல் போனால் அடுத்த போகம் உண்டு. தென்னை போனால் காய்ப்புக்கு வர ஐந்தாறு ஆண்டு, நெட்டை ரகம் என்றால் அதற்கும் மேல். பலர் நிலத்தை அப்படியே விட்டுத் திருப்பூருக்குப் பனியன் வேலைக்குப் போனார்கள்.

மடைத்தலை | 16 செப்டம்பர்

ஒரு திருத்தம், முதல் நாள் கணக்கில். 48.5 லட்சம் லிட்டர் என்றது நல்ல களிமண்ணுக்கு. பட்டுக்கோட்டை மணற்பாங்கில் கசிவே அதன் மேல் இன்னொரு பங்கு குடிக்கும். இன்றைய 5 எச்.பி. மோட்டார் 30 மீட்டர் ஆழத்திலிருந்து மணிக்குச் சுமார் 22,000 லிட்டர் தரும். ஏக்கருக்கு 5 சென்டிமீட்டர் கட்ட ஒன்பது மணி நேரம். மூன்று நாள் மாட்டு வேலை ஒரே பகலுக்குள் வந்துவிட்டது. 1990-ல் விவசாயத்துக்கு மின்சாரம் இலவசமானபின் அந்த ஒன்பது மணி நேரத்துக்குக் காசும் இல்லை. கிணற்றுக்காரரும் இப்போது நிலத்தில் நிற்க வேண்டியதில்லை, கைபேசியில் மோட்டாரைப் போட்டுவிட்டு நகரத்தில் இருக்கிறார். நான் பிரித்த இரண்டு சமூகமும் இந்த இடத்தில் ஒன்றாகிவிட்டன.

கரிசல் | 16 செப்டம்பர்

தண்ணீர் மட்டும் 1,000 அடிக்குப் போய்விட்டது.